நெல் விளையாத ஊரில் பொங்கல் கவிதை எழுதுவது எப்படி

நான் எழுதிய முதல் கவிதை பொங்கலைப் பற்றியது. அப்போது வயது பதினாறு. தலை சாய்ந்த நெற்கதிர், வரப்போரம் நடந்து வரும் உழவன், மாமரத்தில் கூவும் குயில் என்று ஒன்று விடாமல் போட்டிருந்தேன், கோவில் மண்டபத்தில் படித்தபோது கைதட்டினார்கள், தமிழ் வாத்தியார் முதுகில் தட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாற்பது வருடம் கரும்பு வெட்டியவர், தமிழ் பாதிதான் புரியும், ஆனால் நெல் என்ற சொல் மட்டும் புரிந்துவிட்டது. "இந்த நெல் யார் வயலில் நிற்கிறது?" என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மொரீசியஸில் நாங்கள் தின்னும் அரிசி கப்பலில் வருகிறது. குயிலும் இங்கே கிடையாது.

அந்த வெட்கத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தீவிலிருந்து தமிழில் கவிதையோ கதையோ எழுத நினைப்பவர்களுக்கு இது உதவும். விடுமுறைக்கு வந்து எட்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய் "மொரீசியஸ் பயணம்" என்று எழுதப் போகிற தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன், அவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால்.

முதல் வேலையாக ஒரு நோட்டில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த மாதம் உங்கள் தெருவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலம், பொழுது இரண்டையும். கடல் தாண்டி வந்தவர்களுக்கு நிலம் மாறியது கண்ணில் படுகிறது, பொழுதும் சேர்ந்து மாறிவிட்டது என்பது நூறு வருடம் ஆனாலும் பேனாவுக்கு உறைப்பதில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். மார்கழி என்று எழுதியதும் பனியும் போர்வையும் கோலத்து நடுவில் பூசணிப் பூவும் தானாக வந்து விழும், ஆனால் இங்கே மார்கழி கொளுத்தும் வேனில், காலை ஐந்தரைக்கே விடிந்துவிடும், சாலையோரமெல்லாம் லிச்சிப் பழக் கொத்துகள் தொங்கும். தமிழ்நாட்டில் மே மாதம் பூப்பதால் மே ஃபிளவர் என்று பெயர் வாங்கிய அதே சிவப்பு மரம் இங்கே டிசம்பரில் பூக்கிறது, நாங்கள் அதை பிளாம்பொயான் என்கிறோம்.

ஐப்பசியில் அடைமழை என்பார்கள். இங்கே அக்டோபர்தான் வருடத்திலேயே வறண்ட மாதம். நாட்டின் பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாக்வாவில் தண்ணீர் இறங்கும், குழாயில் தண்ணீர் எப்போது வரும் எப்போது நிற்கும் என்பதுதான் பக்கத்து வீட்டோடு பேசும் பேச்சு. ஐப்பசி மழையில் நனைந்த காதலியைப் பற்றி நீங்கள் எழுதினால் உங்கள் சித்தி முதலில் கேட்பது, "எந்தத் தொட்டியில் விழுந்தாள்?"

எல்லாமே தலைகீழ் என்றும் எழுதிவிட வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இந்தத் தீவுக்கு அப்படியே பொருந்தும், காரணம் மட்டும் வேறு. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, இங்கே தென்கிழக்கிலிருந்து வரும் வாணிபக் காற்று குளிர்காலத்தில்தான் பலம் பிடிக்கிறது. அப்போது மேட்டு நிலத்து நகரமான கியூர்பிப்பில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும், கையில் குடை நிற்காது. அதே ஆடியில் கரும்பு வெட்டும் நடக்கும். ஜூனில் தொடங்கி வருடக் கடைசி வரை போகும் அந்தக் காலத்துக்கு லாகூப் என்று பெயர், கரும்பு ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பேருந்து என்பது எங்கள் பருவக்குறிப்புகளில் ஒன்று. வெட்டுக்குச் சற்று முன்பு, கரும்பு பூத்து வயல் முழுக்க வெள்ளியும் ஊதாவுமாக ஆடுகிற சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குத் தமிழில் நல்ல கவிதை ஒன்று நான் இன்னும் படிக்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

அப்புறம் நிழல். ஜூன் மாத நண்பகலில் முற்றத்தில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் தெற்கே விழும், சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். தமிழ்நாட்டு மார்கழி வெயிலுக்கு நேர் எதிர். ஒரு கதையில் வடக்கு வாசல் வீட்டுத் திண்ணையில் குளிர்காலத்து வெயில் காய்கிற கிழவி வந்தால், இந்தக் கதை தெற்கே நடக்கிறது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

சரி, தை. பொங்கல் வரும்போது இங்கே கரும்பு வெட்டி முடிந்திருக்கும், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு முளைத்து எழும். தை, மாசி இரண்டும் சூறாவளிக் காலம். 2024இல் பொங்கல் நாளன்றே, ஜனவரி 15ஆம் தேதி, பெலால் சூறாவளி வந்தது, தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அந்த வருடம் என் நோட்டில் பழைய கவிதையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்:

வெட்டிய கட்டையில்
மறுதாம்பு முழங்கால் உயரம்.
மூன்றாம் எச்சரிக்கை என்கிறது வானொலி.
பால் பொங்கட்டும் என்கிறாள் அம்மா,
ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டே.

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு போய் தஞ்சாவூரில் வைக்க முடியாது. தாத்தா இருந்திருந்தால் கேள்வி கேட்டிருக்க மாட்டார், அல்லது பலகைக்கு எத்தனை ஆணி என்று கேட்டிருப்பார்.

மாதம் முடிந்ததும் அடுத்தது கருப்பொருள். மரம், பறவை, தொழில், உணவு எல்லாம் இதில் வரும். பழைய திணை எங்கே பொருந்துகிறது, எங்கே கிழிகிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி. உதாரணத்துக்குத் தாழை. சங்கப் பாட்டில் அது நெய்தல் நிலத்தில் கடலோரம் மணக்கிறது. இங்கே அதன் இனத்துக்கு வாக்வா என்று பெயர், மேட்டு நிலத்தில் ஒரு நகரமே அந்தப் பெயரில் இருக்கிறது, முன்னே சொன்ன நீர்த்தேக்கத்தின் பெயரும் தமிழில் சொன்னால் தாழைக்குளம்தான். அதன் ஓலையில் பின்னிய பையைத் தூக்கிக்கொண்டுதான் எங்கள் ஆயா சந்தைக்குப் போவார். ஆக, கடலிலிருந்து மலையேறி வந்து சந்தைப் பையாக மாறிய தாழை. இதை வைத்து ஒரு கதை எழுதலாம், ஒரு கவிதை நிச்சயம் எழுதலாம்.

தமாரேன் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் பொருள் புளி. அங்கே உப்பளங்கள் இருந்தன, கருங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய சதுரம் சதுரமான பாத்திகள், பெண்கள் உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துச் சுமந்தார்கள். உப்பு வணிகரைக் குறிக்கும் உமணர் என்ற சொல்லை நாம் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த உப்புக்காரியைப் பார்க்காமல் போனோமே என்று எனக்கு இன்றும் ஒரு உறுத்தல் உண்டு.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் எல்லோரும் தவறும் இடம் இது. "அலை ஓடி வந்து பாதம் தொட்டது" என்ற வரி என்னிடம் வரும் பத்துக் கவிதைகளில் ஏழில் இருக்கிறது. தீவைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுவதும் பவளப்பாறை அரண் போட்டிருக்கிறது, அதற்கு உள்ளே இருக்கும் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். பிளிக் ஆன் பிளாக் கடற்கரையில் நின்றால் காலடியில் சிறு நெளிவுதான், அலை உடைவது தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், மீனவர்கள் அதை ப்ரிஸான் என்பார்கள். பகலில் அது வெறும் கோடு, இரவில் ஊர் அடங்கியதும் அதன் இரைச்சல் விடாமல் கேட்கும். நெய்தலின் இரங்கலுக்கு இதைவிட நல்ல பின்னணி மெரினாவில்கூடக் கிடைக்காது என்பது என் கட்சி. அலை கட்டாயம் வேண்டும் என்றால் தெற்கே சூயாக் பக்கம் கிரி கிரிக்குப் போங்கள். அங்கே பவளப்பாறை இல்லை, கடல் நேராகக் கறுப்புப் பாறையில் மோதுகிறது. அங்கே போய் யாரும் பாதம் நனைப்பதைப் பற்றி எழுத மாட்டார்கள், குளிக்கவே கூடாது. கடற்கரையில் தென்னைக்குப் பதில் பெரும்பாலும் சவுக்குத்தான் நிற்கும், பிலாவோ என்று சொல்வோம். அதில் காற்று நுழையும்போது ஒரு தேம்பல் சத்தம் வரும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கரும்பு வயலை எந்தத் திணையில் வைப்பது? மருதம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நெல்லோடு கரும்பும் அங்கே வருகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வழியை மறைக்கிற, யாரோ ஒருவருக்குச் சொந்தமான, பிழைப்புக்காகப் பிரிந்து வந்தவன் நின்ற வயல் இது. பாலை என்று வைத்துப் பாருங்கள், பொருள்வயிற் பிரிவு முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும். வயல் நடுவே எரிமலைக் கற்களைக் குவித்துக் கோபுரம்போல் கட்டி வைத்திருப்பார்கள். நிலத்தைச் சீர்செய்தபோது ஒவ்வொரு கல்லாகக் கையால் பொறுக்கி அடுக்கியது. சுற்றுலா வருபவர்கள் அதைப் படமெடுத்துப் பிரமிடு என்கிறார்கள். அந்தக் குவியலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு யாருடைய இடுப்பு என்றுதான் தோன்றும்.

சொற்களுக்கு வருவோம். இங்கே தமிழைத் தேட வேண்டிய முதல் இடம் கிரியோல். சந்தையில் சீனக் கடைக்காரரும் கிரியோல் அம்மாவும் கரிபுலே கேட்பார்கள், அது நம் கறிவேப்பிலை. கொத்தோமிலி கொத்தமல்லி, முரும் முருங்கை, பிப்பங்காய் பீர்க்கங்காய், ரசோன் ரசம். எல்லோர் வாயிலும் "ஆயோ!" வரும், பேருந்தைத் தவறவிட்டாலும் சரி, பேரன் பரீட்சையில் தேறினாலும் சரி. காவடிக்கு முன் பத்து நாள் விரதத்துக்குப் பெயர் கரேம், அது கத்தோலிக்கர்களின் நோன்புக்கான பிரெஞ்சுச் சொல். இந்தச் சொற்களைத் திருத்தாதீர்கள். கதையில் ஆயா "முரும் கீரை பறித்து வா" என்றால் அப்படியே எழுதுங்கள். ஒருமுறை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கதையில் முரும் எல்லாம் முருங்கையாகி, கரேம் நோன்பாகி, ஆயா சுத்தமாக மதுரைப் பாட்டியாகித் திரும்பி வந்தார். கதை அச்சானது, எனக்குத்தான் அவரை அடையாளம் தெரியவில்லை.

உரையாடல்தான் கஷ்டமான பகுதி. நம் பாத்திரங்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், நாம் தமிழில் எழுதுகிறோம். கொங்கு வழக்கோ நெல்லை வழக்கோ கடன் வாங்கினால் சினிமா பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். நான் செய்வது இது: வாக்கியத்தை எந்த வட்டாரமும் இல்லாத எளிய தமிழில் சிறிதாக எழுதிவிட்டு, விளிப்பை மட்டும் அவர்கள் வாயில் இருப்பதுபோலவே விடுகிறேன். அக்கா, தாத்தா எங்கே வருகிறதோ அங்கே அது, தோந்தோன் என்று மாமாவைக் கூப்பிடுகிற வீட்டில் அது. பிரார்த்தனை, திட்டு, தாலாட்டு இந்த மூன்றிலும் பழைய தமிழ் அப்படியே தங்கியிருக்கும், அங்கே மட்டும் உடைந்த தமிழை உடைந்தபடியே போடுங்கள். தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறவர்கள் எங்கள் கோவிலில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லும்போது ஒலி எங்கே வழுக்குகிறது என்று காது கொடுத்துக் கேட்டால் ஒரு பாத்திரம் கிடைத்துவிடும்.

பெயர்களிலும் கதை இருக்கிறது. கப்பலில் வந்தவர்களின் பெயரை எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பதிந்ததில் சின்னத்தம்பி சினாதாம்பு ஆனார், குப்பன் கூப்பென் ஆனார், பலருக்குத் தாத்தாவின் பெயர்தான் குடும்பப் பெயர். பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும்போது அர்ஜுன், காவ்யா என்று வைப்பதற்கு முன்பு இதை யோசியுங்கள்.

வரலாற்றுக் கதை எழுத ஆசைப்படுபவர்கள் எல்லோரும் கப்பலில்தான் தொடங்குகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கதறலோடு தொடங்காமல் காகிதத்தோடு தொடங்குங்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் இருக்கின்றன, பெயர், வயது, கப்பல், ஊர், சிலருக்குப் புகைப்படம்கூட. 1834இல் தொடங்கி இங்கே வந்தவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர், அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பதிவேட்டில் ஊர்ப் பெயர் எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதை நான்கு தரம் வாய்விட்டுப் படித்தால் சில நேரம் பளிச்சென்று ஊர் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது, அந்தத் தெரியாமையும் கதைதான். இன்னொன்று, தமிழர்கள் எல்லோரும் கரும்புக்காக வந்தவர்கள் என்று எழுதாதீர்கள். அதற்கு நூறு வருடம் முன்பே, லாபூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1735க்குப் பிந்தைய பத்தாண்டில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கொண்டுவரப்பட்டார்கள், போர்ட் லூயிஸைக் கட்டிய கைகளில் அவர்கள் கையும் உண்டு. அந்த நகரில் திராங்கெபார் என்று ஒரு பகுதி இருக்கிறது. தரங்கம்பாடிதான். அங்கே வசிக்கும் பலருக்கு அது தெரியாது.

இவ்வளவு பின்னோக்கிப் போக விருப்பமில்லை என்றால் சட்டைப் பையைப் பாருங்கள். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் தமிழ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன், இங்கே சீனிவாசென் என்று எழுதுவார்கள். 1998இல் புது நோட்டுகளில் தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளி அச்சடித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பையன் ஒருவன் அந்த எழுத்துக்காக ஊர்வலத்தில் நடக்கிறான், வழியில் ஐஸ்கிரீம் வாங்க அதே நோட்டை நீட்டுகிறான். இந்தக் கதையை நான் எழுதத் தொடங்கி மூன்று வருடமாகிறது, முந்திக்கொள்பவர்கள் முந்திக்கொள்ளலாம்.

பயணக் குறிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொர்க்கத் தீவு, நீல நிறக் கனவு, இந்தியப் பெருங்கடலின் முத்து இந்த மூன்றையும் வெட்டிவிட்டால் பாதிக் கட்டுரை சரியாகிவிடும். மீதிப் பாதிக்குப் படிப்பவருக்கு உதவும் விவரம் போடுங்கள். போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப்புக்கு மெட்ரோ ஓடுகிறது, 26 கிலோமீட்டர், கீழே வியர்த்துக்கொண்டு ஏறியவர் மேலே இறங்கும்போது நான்கைந்து டிகிரி குறைந்திருக்கும், பையில் ஒரு மெல்லிய மழைச்சட்டை இருக்கட்டும். காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோவிலுக்குப் படியேறப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெறுங்காலுக்குப் படி சுடும். தைப்பூசத்தன்று நாடே விடுமுறை, காவடிகள் தார்ச்சாலையில் வெறுங்காலோடு வரும், வீட்டுக்காரர்கள் குழாயை வெளியே இழுத்து வந்து சாலையை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். அலகு குத்தியவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டாம், கூட வரும் தங்கையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்ததும் வாழையிலையில் செத் காரி போடுவார்கள், ஏழு கறிகள், சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. இங்கே ஒருவரிடம் மதம் என்ன என்று கேட்டால் "தமிழ்" என்று பதில் வரலாம். சிரிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். வீட்டில் ஒரு வாக்கியம் தமிழ் பேசாதவர்கூட அப்படிச் சொல்வார், ஏன் என்று உட்கார்ந்து கேட்டால் உங்கள் கட்டுரையில் கடற்கரைப் பத்தியைவிட நல்ல பத்தி ஒன்று கிடைக்கும்.

எழுதி முடித்ததும் இங்கே வாழ்கிற ஒருவருக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். வேறு யாரும் கிடைக்காவிட்டால் தோல் பூரி விற்பவர் இருக்கிறார், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். தோல் என்றால் பருப்பு. ஜோடியாகத்தான் விற்பார், ஒன்று மட்டும் கேட்டால் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.